‘கேர்ள்ஸ்’ என்றதற்கு நான் சொன்ன தமிழ்

சிரம்பான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சென்ற மாதம், என்னோடு கடைசி வருஷங்களில் வேலை பார்த்த பிள்ளைகள் இருவர் சிரம்பானை ஒட்டிய ராசாவில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். இனிமேல் பெண் சாட்சிகளை ‘ஃபீமேல்ஸ்’ என்று எழுதக்கூடாது, ‘விமன்’ என்றே எழுத வேண்டும் என்று உத்தரவு.

இளையவள் சிரித்தாள். “எல்லாம் ஒன்னுதானே லா, மேடம். ஃபீமேல்னாலும் பொம்பள, விமன்னாலும் பொம்பள. தமிழ்ல சொல்றப்ப நாம பொம்பளைங்கன்னுதானே சொல்லப்போறோம்?”

“ஒன்னு இல்லம்மா” என்றேன். ஏன் இல்லை என்று கேட்டாள். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அவர்கள் கிளம்பிப் போன பிறகு, எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் தொழில் பழகிய கதை பெரிதாக ஒன்றுமில்லை. போர் முடிந்து சில வருஷம் கழித்துத் தேர்வு எழுதினேன். கோலாலம்பூரில் கொஞ்ச காலம் பயிற்சி. அப்புறம் சிரம்பான், போர்ட்டிக்சன், குவாலா பிலா என்று கோர்ட் கோர்ட்டாக மாற்றல். சாட்சி சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேண்டும், அவன் திட்டினால் திட்டையும் மொழிபெயர்க்க வேண்டும், சொந்தமாக ஒரு சொல்லைச் சேர்க்கவும் கூடாது, விடவும் கூடாது. இதெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் நான் முதன்முதலில் இரண்டு பாஷைக்கு நடுவில் நின்றது ஜப்பான்காரன் காலத்தில், போர்ட்டிக்சன் பக்கத்தில் சுவாவுக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் பெரட்டுக் களத்தில். பெரட்டு என்றால், விடியும் முன்னே தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பது.

என் அப்பா அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும் காயத்துக்குக் கட்டுப் போடுவதும் அவர் வேலை. என்னைச் சிரம்பானில் கன்னிகா மடத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார். போர் வந்ததும் பள்ளிக்கூடம் மூடிவிட்டது. நான் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டேன். வெள்ளைக்காரத் தொரை ஒரு நாள் காரில் ஏறிச் சிங்கப்பூர் பக்கம் போனவர் வரவேயில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். அரிசி போய் மரவள்ளி வந்தது. சேலை கிழிந்து சாக்கு வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஆண்களைத் தோட்டம் தோட்டமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் பெரட்டில் பெயர் கூப்பிட்டால் ஆண் குரல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கேட்கும். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டியது, புல் வெட்டியது, மரவள்ளி நட்டது எல்லாம் பெண்கள்.

அந்த நேரத்தில்தான் மொரிதா என்ற ஜப்பானியர் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்தார். பட்டாளத்துக்காரர் அல்ல. போருக்கு முன் ரப்பர் வியாபாரக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். இங்கிலீஷ் தெரியும். ஆபீஸில் கணக்கு எழுதும் எங்கள் பெரிய கிராணி சுப்பையாவுக்கும் இங்கிலீஷ் தெரியும் என்றாலும், பெண்களிடம் பேச ஒரு பெண் வேண்டும் என்று மொரிதா கேட்டாராம். கிராணி ஐயா ஆஸ்பத்திரிக்கு வந்து என் அப்பாவிடம், “டிரெஸ்ஸரே, ஒம் பொண்ணு சரோஜாவ அனுப்பு. முடியாதுன்னு சொல்ற காலம் இல்ல இது” என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் முகம் கழுவிக்கொண்டு கிளம்பினேன்.

மொரிதாவிடம் வேலை செய்வது லேசு இல்லை. அவர் ஆபீஸ் படியில் நிற்பார். நான் அவருக்கு இடது பக்கம், ஒரு படி கீழே நிற்க வேண்டும். அவர் ஒரு வாக்கியம் முடித்து முகவாயைச் சற்றே உயர்த்துவார். அதற்கு முன்னால் நான் வாய் திறக்கக்கூடாது. தமிழில் நான் சொல்லும்போது அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது, ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பெரட்டு முடிந்ததும் உள்ளே கூப்பிடுவார்.

“நான் சொன்னது சின்ன வாக்கியம். நீ சொன்னது பெரியது. ஏன்?”

“நாளைக்கு மழை வந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துச் சொன்னேன், சார்.”

“நான் மழையைப் பற்றிச் சொல்லவில்லை.”

அவ்வளவுதான். சத்தம் போட மாட்டார். பென்சிலின் பின் முனையால் மேசையில் மெதுவாகத் தட்டுவார். அந்தத் தட்டலுக்கு நான் பயந்த மாதிரி பிற்காலத்தில் எந்த நீதிபதியின் குரலுக்கும் பயந்ததில்லை. நல்ல மனிதர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. சயாமுக்கு ஆள் பிடித்தபோது எங்கள் தோட்டத்துக் கடைசிக் கூட்டத்தை அனுப்பியவரும் அவர்தான். அன்றைக்கும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

ஒரு நாள் மத்தியானம் அவர் என்னிடம் கேட்டார்: “பழைய தொரை இந்தப் பெண்களை எப்படிக் கூப்பிடுவார்? எந்தச் சொல்?”

“கேர்ள்ஸ், சார்.”

“வயதானவர்களையுமா?”

“அவர்களையும்தான். தலை நரைத்தவர்கள்கூட அவருக்கு கேர்ள்ஸ்தான்.”

பென்சில் தட்டியது. “என் பள்ளிக்கூடத்தில் விமன் என்று படித்தேன். மரியாதைக்கு லேடீஸ்.”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மடத்துப் பள்ளிக்கூடத்தில் காரில் வந்து இறங்கும் தாய்மார் லேடீஸ். நடந்து வரும் தாய்மார் விமன். ஆஸ்பத்திரியில் அப்பாவின் அறைக்குப் பக்கத்துக் கதவில் ஃபீமேல் வார்டு என்று எழுதியிருக்கும். அதே ஆட்கள்தான் காய்ச்சலில் படுத்தால் ஃபீமேல், ரப்பர் மரத்தடியில் நின்றால் கேர்ள். லேடி மட்டும் எங்களில் யாரும் ஆனதில்லை.

அவர் சிரிக்கவில்லை. தன் ஆசிரியர் ஒருவர் சொன்னதாக ஒன்று சொன்னார். வைஃப் என்ற சொல் ஆதி இங்கிலீஷில் பெண் என்றுதான் பொருள்படுமாம். கல்யாணம் ஆனவள், ஆகாதவள், கிழவி எல்லோரும் வைஃப். பிறகுதான் அது சுருங்கி ஒருவனுடைய பெண்டாட்டி ஆனதாம். “தமிழில் நீ என்ன சொல்கிறாய், பெரட்டில்?”

“பொம்பளைங்க.”

“அதற்கு என்ன பொருள்?”

பெண்பிள்ளைகள் என்பதுதான் அப்படித் திரிந்தது, பிள்ளை என்றால் குழந்தை என்று விளக்கினேன். “ஆனால் எந்த வயதுக்காரியும் பொம்பளைதான், சார்.”

“பொம்பரா” என்று சொல்லிப் பார்த்தார். ளகரம் அவர் வாயில் வரவில்லை. இன்னொரு தரம் முயன்றுவிட்டு, போகலாம் என்று கை காட்டினார்.

அதற்குச் சில வாரம் கழித்து ஒரு செய்தி வந்தது. லுக்குட்டுக்கு உப்பு வாங்கப் போனவர்கள் கொண்டு வந்தார்கள். புல்வெட்டுக் கூட்டத்தை வேலை வாங்கும் மண்டோராக இருந்த பச்சையம்மா என்னைத் தேடி ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். தலை முழுக்க வெள்ளை. புருஷன் போருக்கு முன்பே போய்விட்டான். மருமகனைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். மகள் செல்லம் எனக்கு ஓரிரு வயது மூத்தவள், பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

“தாயி, பக்கத்துத் தோட்டத்துல பட்டாளத்து லாரி வந்துச்சாம். வயசுப் புள்ளைங்களாப் பாத்து ஏத்திக்கிட்டுப் போயிட்டானுங்களாம். துணி தொவைக்கன்னு சொன்னானாம். துணி தொவைக்க வயசு எதுக்கு? ஒங்க சப்பான்காரரு ஏதும் சொன்னாரா?”

“ஒன்னும் சொல்லலக்கா.”

“நெசமா?”

“நெசமா சொல்லல.”

“சொன்னா என்கிட்ட மொதல்ல சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போனாள். மொரிதா எதுவும் சொல்லவில்லை. அவருக்கே முன்கூட்டித் தெரியுமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

லாரி எங்கள் தோட்டத்துக்கு ஒரு பெரட்டு நேரத்தில் வந்தது. போர்ட்டிக்சன் முகாமிலிருந்து என்று பிறகு தெரிந்தது. ஒரு அதிகாரியும் சில சிப்பாய்களும் இறங்கினார்கள். அதிகாரி மொரிதாவைவிட வயதில் மிகச் சின்னவன். மொரிதா படியிலிருந்து இறங்கி இடுப்பு வரை குனிந்து வணங்கினார். அவரை நான் அப்படிக் குனிந்து பார்த்தது அன்றுதான். வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் குனிந்தார்கள்.

அதிகாரி ஜப்பானிய மொழியில் பேசினான். அந்தக் காலத்தில் எல்லோரும் கொஞ்சம் ஜப்பானியம் கற்றாக வேண்டும். எனக்கும் சில சொற்கள் பழகியிருந்தன. ‘மூசுமே’ என்றால் பெண், மகள். அதற்கு முன்னால் அவன் சொன்ன ‘வக்காய்’ என்ற சொல்லும் தெரியும். இளைய என்று பொருள். இரண்டு தடவை சொன்னான். இரண்டு தடவையும் அழுத்திச் சொன்னான்.

மொரிதா என் பக்கம் திரும்பினார். முகத்தில் எதுவும் இல்லை. இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார்: “முகாமில் துணி துவைக்க, சமைக்க கேர்ள்ஸ் வேண்டும். லாரியில் ஏற வேண்டும்.” சொல்லிவிட்டு முகவாயை உயர்த்தினார்.

நான் காத்திருந்தேன். ‘இளைய’ என்ற சொல் வரும் என்று காத்திருந்தேன். மழையைப் பற்றி நான் சேர்த்த ஒரு வரிக்குக் கணக்குக் கேட்ட மனிதர், அந்த அதிகாரி இரண்டு தடவை அழுத்திச் சொன்ன சொல்லை விட்டுவிட்டார். மறுபடியும் முகவாயை உயர்த்தினார்.

எதிரே முன்வரிசையில் செல்லம். அவளுக்கு இரண்டு பக்கமும் என் வயதுப் பெண்கள். வயசுப் பொண்ணுங்க என்று சொன்னால் ஏற வேண்டியவர்கள் அவர்கள். கேர்ள்ஸ் என்று மட்டும்தான் என் காதுக்குத் தரப்பட்டிருக்கிறது. நான் சத்தமாகச் சொன்னேன்:

“முகாம்ல துணி தொவைக்க, சமைக்க பொம்பளைங்க வேணுமாம். லாரியில ஏறச் சொல்றாங்க.”

யாரும் அசையவில்லை. சொல்லும்போது எனக்கு ஒரு திட்டமும் கிடையாது. எதையோ தள்ளிப் போடுவதாக நினைத்தேனே தவிர அதற்கு மேல் யோசிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து பச்சையம்மாவின் குரல் கேட்டது.

“பொம்பளைங்கன்னுதான சொன்னே, தாயி?”

“ஆமாக்கா.”

“நாங்க வாறோம்.”

புல்வெட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நடந்து வந்தாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டாள். வெள்ளை முடி நன்றாகத் தெரியட்டும் என்றுதான் அவிழ்த்தாள் என்று நினைக்கிறேன். அவள் பின்னால் அவளுடைய கூட்டம் வந்தது. கால் வீங்கிய குப்பம்மா, ஆயா கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் மீனாட்சி, இன்னும் அவர்கள் வயதுக்காரிகள். இளையவர்களைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு முன்னே வந்து லாரியின் பின்பக்கம் நின்றார்கள். செல்லம், “அம்மா!” என்று ஒரு அடி எடுத்து வைத்தாள். பச்சையம்மா திரும்பாமலே சொன்னாள்: “மரத்துக்குப் போடி. வெயில் ஏறுது.”

அதிகாரிக்கு விஷயம் விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் நேரே வந்து என்னை அறைந்தான். படியில் விழுந்தேன். காது நிறைய ஒரு இரைச்சல். அது அடங்கும்போது மொரிதா பேசிக்கொண்டிருந்தார். குனிந்த தலையோடு, நெடுநேரம், ஒரே குரலில். எனக்குப் புரிந்தவரை, இளையவர்கள் பால் வெட்டுகிறவர்கள், அவர்களை எடுத்தால் பட்டாளத்துக்குப் போக வேண்டிய ரப்பர் நின்றுபோகும், அதற்குத் தான் பதில் சொல்ல முடியாது என்றார். அதிகாரி அவரையும் அறைந்தான். மூக்குக் கண்ணாடி போய் விழுந்தது. அவர் அதை எடுக்காமல், குனிந்தபடியே மறுபடியும் அதையே சொன்னார்.

அதிகாரி வரிசையை ஒரு முறை நடந்து பார்த்தான். செல்லத்தின் முன்னால் நின்றான். பிறகு என்ன நினைத்தானோ, சிப்பாய்களைப் பார்த்துக் கத்தினான். கிழவிகளை ஏற்றினார்கள். குப்பம்மாவுக்குக் கால் எட்டவில்லை. பச்சையம்மாதான் மேலேயிருந்து கை கொடுத்துத் தூக்கினாள்.

மொரிதா அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாள் பெரட்டில் உடைந்த கண்ணாடியை நூலால் கட்டிப் போட்டுக்கொண்டு வந்தார். சீக்கிரமே அவரை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். எங்கே என்று தெரியாது.

கொண்டு போனவர்கள் முகாமில் துணி துவைத்தார்கள், விறகு பிளந்தார்கள், கக்கூஸ் கழுவினார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். குப்பம்மா வந்தாள். பச்சையம்மா வரவில்லை. மலேரியா என்றாள் குப்பம்மா. கொயினா மாத்திரை கேட்டதற்கு, கிழவிக்கு எதற்கு என்றார்களாம்.

செல்லம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வழியில் கண்டால் வேறு மர நிரையில் இறங்கிப் போவாள். ஒரே ஒரு தடவை ஆற்றங்கரையில் எதிரே நின்று, “நீ என்ன சொன்னன்னு எங்கம்மா ஏறுச்சு?” என்று கேட்டாள். “பொம்பளைங்கன்னு சொன்னேன்” என்றேன். “வேற சொல்லே இல்லையா ஒனக்கு?” என்றாள். வேறு சொல் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவள் கேட்க நின்றிருக்க மாட்டாள். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

பின்னாளில் சிரம்பான் கோர்ட்டில், வழக்கு இல்லாத நேரங்களில் நீதிபதியின் அறையிலிருந்த பெரிய அகராதியைப் புரட்டுவேன். மொரிதா சொன்னது சரிதான். வைஃப் வெறுமனே பெண்ணாகத்தான் இருந்திருக்கிறாள். அந்த வைஃபோடு மனிதன் என்ற சொல்லை ஒட்டித்தான் உமன் பிறந்திருக்கிறாள். கேர்ள் என்பது ஒரு காலத்தில் ஆண் குழந்தைக்கும் சேர்த்தே சொன்ன சொல். லேடி, வீட்டுக்கு ரொட்டி மாவு பிசைந்தவள். ஃபீமேலுக்கும் ஆணைச் சொல்லும் மேலுக்கும் பிறப்பில் உறவே இல்லை, காதுக்கு ஒத்திருக்கட்டும் என்று பின்னால் மாற்றிக்கொண்டார்கள். வீட்டைப் பார்த்துக்கொண்டவளைச் சொன்ன ஹவுஸ்வைஃப், வாய்க்கு வாய் தேய்ந்து ஹஸ்ஸி என்று வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டது. படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெரிந்தது. பெண்களைக் கூட்டமாகக் குறிக்கிற எந்தச் சொல்லும் வெகுநாள் ஒரே இடத்தில் நிற்பதில்லை. யாருக்கு என்ன தேவையோ அந்தப் பக்கம் அது தள்ளப்படுகிறது. தமிழிலும் இதே கதைதான். பெண்டாட்டி என்பதும் ஒரு காலத்தில் பெண் என்ற அளவில் நின்ற சொல்தானே.

அகராதி பார்ப்பதற்கு வெகு முன்பே, போர் முடிந்த கையோடு, இது எனக்கு நேரிலேயே தெரிந்துவிட்டது. ஒரு வெள்ளைக்கார அதிகாரி தோட்டம் தோட்டமாக வந்து, ஜப்பான்காரன் பெண்களைக் கொண்டுபோனானா என்று விசாரித்தார். கிராணி ஐயா மறுபடியும் என்னைக் கூப்பிட்டார். அதே ஆபீஸ். நாற்காலியில் வேறு ஆள். சாட்சி சொல்ல வந்தவள் செல்லம். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்ததை எல்லாம் சொன்னாள். நான் ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்து, “ஆக, வயதானவர்கள்” என்றார். பேனாவை எடுத்துத் தாளில் எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்: “இந்தத் தோட்டத்திலிருந்து கேர்ள்ஸ் யாரும் கொண்டுபோகப்படவில்லை.”

செல்லம் முதன்முறையாக என் பக்கம் திரும்பினாள். “என்ன எழுதுறாரு?”

மொழிபெயர்ப்பாளர் மறைக்கக்கூடாது. அப்போது யாரும் எனக்கு அதைச் சொல்லித் தந்திருக்கவில்லை, ஆனாலும் மறைக்கவில்லை. “இந்தத் தோட்டத்துலேருந்து பொண்ணுங்க யாரையும் கொண்டுபோகலன்னு எழுதுறாரு.”

“எங்கம்மா பொண்ணு இல்லையா?”

அதிகாரி நிமிர்ந்தார். “என்ன சொல்கிறாள்?”

பொண்ணு. கேர்ள் என்று சொன்னால் அந்த மனிதர் மெல்லச் சிரித்துவிட்டு மறுபடியும் எழுதுவார். ஃபீமேல் என்றால் ஆஸ்பத்திரிக் கதவு. “அவள் கேட்கிறாள், சார், என் தாய் ஒரு உமன் இல்லையா என்று.”

அவர் எழுதிய வரியை அடித்தார். “சில பெண்கள்” என்று எழுதினார், விமன் என்ற சொல்லைப் போட்டு. பிறகு கேட்டார்: “அவர்கள் தாங்களாகவே விரும்பி ஏறினார்களா? அதையும் நான் எழுத வேண்டும்.”

நான் செல்லத்திடம் கேட்டேன். “அவங்களா விருப்பப்பட்டுத்தான் ஏறுனாங்களான்னு கேக்குறாரு, செல்லம்.”

அவள் அதிகாரியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஆற்றங்கரையில் கேட்ட நாளுக்குப் பிறகு அவள் என் கண்ணைப் பார்த்துப் பேசியது அப்போதுதான்.

“எங்கம்மா ஏறலன்னா நான் ஏறியிருப்பேன்னு சொல்லு” என்றாள்.

சொன்னேன்.